யார் போட்டது?

எங்கள் பெரம்பூர் பக்கம் ஒயின் ஷாப் என்றால் ஒயின் வாங்கப் போகிற இடம் அல்ல. தனியார் கடைகள் இருந்த காலத்தில் பலகையில் அப்படித்தான் எழுதியிருக்கும். 2003-ல் சில்லறை விற்பனை முழுவதும் டாஸ்மாக் கைக்குப் போய்விட்டது. ஆனாலும் பேச்சில் அந்தப் பெயர் போகவில்லை. ‘ஒயின்ஸாண்ட நிக்கிறான்’ என்று ஒருவனைப் பற்றிச் சொன்னால், அவன் கையில் பிராந்தி இருக்கலாம், பீர் இருக்கலாம். ஒயின் மட்டும் இருக்காது.

அதனால், ஷீரடிக்கும் திரியம்பகேஸ்வரத்துக்கும் போகிற வழியில் நாசிக்கில் ஒரு ஒயின் தோட்டத்தையும் பார்த்துவிடலாம் என்று நான் சொன்னபோது என் மனைவியின் முகம் மாறியதில் ஆச்சரியம் இல்லை. அவள் தண்டையார்பேட்டையில் வளர்ந்தவள். அப்பா ஹார்பரில் கூலி. சனிக்கிழமை கூலிப்பணத்தில் எவ்வளவு வீட்டுக்கு வரும் என்பது, வழியில் இருந்த கடையைப் பொறுத்தது. “சாமி கும்புடப் போற எடத்துல குடிக்கிற எடத்துக்கு வேற போவணுமா?” என்றாள். நியாயமான கேள்வி. நான் பதில் சொல்லவில்லை. டிக்கெட் மட்டும் எடுத்தேன்.

எனக்கும் ஒயினுக்கும் உள்ள உறவு பெரும்பாலும் காகிதத்தில்தான். லிங்கிச் செட்டித் தெருவில் ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீஸில் இருபத்தெட்டு வருடம் பில் ஆஃப் என்ட்ரி, அதாவது இறக்குமதிச் சரக்குக்குச் சுங்கத்தில் கொடுக்கிற படிவம், போட்டவன் நான். ஒயின் என்றால் எனக்குச் சுங்கப் பட்டியலில் ஒரு எண், 2204. இரண்டு லிட்டருக்கு உட்பட்ட புட்டி என்றால் 2204 21, நுரை பொங்குகிற ஜாதி என்றால் 2204 10. பொதுவான வரி 150 சதவீதம். 2021 பட்ஜெட்டில் அதைச் சுங்கம் 50, வேளாண் செஸ் 100 என்று பிரித்தார்கள். கூட்டிப் பார்த்தால் அதே 150. ஏற்றுமதி செய்தவர், இறக்குமதி செய்பவர், எந்த நாடு, எத்தனை பெட்டி, என்ன மதிப்பு, எல்லாவற்றுக்கும் கட்டம் உண்டு. நான் பழகிய பழைய படிவத்தில், அதைச் செய்தது யார் என்பதற்கு மட்டும் கட்டம் கிடையாது. நானும் அந்தக் கட்டம் இல்லாததை ரொம்ப நாள் கவனிக்கவில்லை.

அந்தத் தெருக்களுக்கும் இந்தச் சரக்குக்கும் பழைய பந்தம் இருக்கிறது என்பது வேறு கதை. சென்னையில் துறைமுகம் கட்டுவதற்கு முன்பு கப்பல்கள் கடலிலேயே நிற்கும். மசூலாப் படகில் அலையைத் தாண்டித்தான் சரக்கு கரைக்கு வரும். கோட்டையில் இருந்த வெள்ளைக்காரர்களுக்கு அப்படி வந்த பீப்பாய்களில் மதீரா ஒயினுக்குத் தனி மரியாதை. வெப்பக் கடலைத் தாண்டி, கப்பல் ஆட்டத்தில் கிடந்து வந்ததும் அதன் ருசி ஏறியிருந்ததைப் பார்த்து, பிறகு வேண்டுமென்றே கப்பலில் ஏற்றி ஒரு சுற்றுச் சுற்றவிட்டு விற்றார்களாம். அந்தப் படகுக்காரச் சமூகம் கட்டியதுதான் ராயபுரம் புனித பேதுரு கோயில். பீப்பாயைத் தோளில் தாங்கியவர்களில் எத்தனை பேருக்கு அதில் ஒரு சொட்டு கிடைத்திருக்கும் என்று அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன்.

காகிதத்துக்கு முன்னால் ஒன்று உண்டு. அதை ஒயின் என்று நான் கணக்கில் வைத்ததே இல்லை. எங்கள் தெருவில் ஒரு ஆங்கிலோ இந்தியக் குடும்பம். அங்கிளுக்கு ரயில்வே கேரேஜ் ஒர்க்ஸில் வேலை. ஆன்ட்டி நவம்பர் பிறந்ததும் கொத்தவால்சாவடிக்கு ஆள் அனுப்பிப் பன்னீர் திராட்சை வாங்குவார். (மார்க்கெட் 1996-ல் கோயம்பேட்டுக்குப் போன பிறகு, ‘அங்க வர்ற பழம் சரியில்ல மேன்’ என்று பல வருடம் புலம்பினார். பழம் என்னவோ அதே கம்பத்துப் பழம்தான்.) கழுவித் துடைத்து, ஈரம் போக நிழலில் உலர்த்தி, கையால் பிசைந்து பீங்கான் ஜாடியில் போடுவார். சர்க்கரை, பேக்கரியில் கேட்டு வாங்கிய ஈஸ்ட், ஒரு கைப்பிடி கோதுமை, நாலு கிராம்பு, பட்டை. வாயில் வேட்டித்துணி கட்டி, தினமும் ஒரு தரம் மரக்கரண்டியால் ஒரே பக்கமாகக் கிளறுவார். இருபத்தோரு நாள். பிறகு வடிகட்டி, நிறத்துக்குச் சர்க்கரையைக் கருக்கி ஊற்றி, மறுபடி மூடி வைப்பார்.

எனக்கு ஏழு வயது இருக்கும்போது முதன்முதலாக ருசி பார்க்கச் சொன்னார். 1977. தமிழ்நாட்டில் மதுவிலக்கு இருந்த வருடம் அது. 1974-ல் திரும்ப வந்தது, 1981 வரைக்கும் நீடித்தது. எங்கள் தெருவில் யாரும் இதை அதோடு சேர்த்து யோசித்ததாக ஞாபகம் இல்லை. கண்ணாடி டம்ளரெல்லாம் கிடையாது. ஆன்ட்டி கரண்டியிலிருந்து என் உள்ளங்கையில் இரண்டு சொட்டு விட்டார், குழம்புக்கு உப்பு பார்க்கக் கொடுக்கிற மாதிரி. நக்கினேன். “இன்னாடா, சக்கர போதுமா?” என்று என்னைக் கேட்டார். ஏழு வயதுப் பையனிடம் ஒரு பெரிய மனுஷி உண்மையிலேயே அபிப்பிராயம் கேட்கிறார்! போதும் என்றேன். அவர் தன் கையில் இரண்டு சொட்டு விட்டு நக்கிப் பார்த்துவிட்டு இன்னும் கொஞ்சம் போட்டார்.

ஒயினை ருசி பார்க்க வைக்கிற டேஸ்டிங் ரூம் என்று நான் பார்த்த முதல் இடம் அந்தச் சமையலறைதான் என்பது நாற்பது வருடம் கழித்துத்தான் தெரிந்தது.

சரி, நாசிக். அதற்கு முன்பு ஒரு பெரிய தோட்டத்துக்கு ஆபீஸ்காரர்களோடு போயிருக்கிறேன். எந்த ஊர் என்று சொல்லப் போவதில்லை. ஐம்பது பேரை ஒரே கும்பலாக நிற்க வைத்து, ஒரு பையன் மைக்கில் ஒப்பித்தான். ஐந்து கிளாஸ், ஒவ்வொன்றிலும் ஒரு மடக்கு. முதல் கிளாஸை மூக்கருகே கொண்டு போவதற்குள் மூன்றாவதற்குப் போய்விட்டார்கள். நான் ஒரு கேள்வி கேட்டேன். “கடைசியில் கேளுங்கள் சார்” என்றான். கடைசியில் அவன் இல்லை, பில் போடுகிற கவுன்ட்டர்தான் இருந்தது. வண்டியில் திரும்பி வரும்போது எல்லோரும் சந்தோஷமாகப் பாடிக்கொண்டு வந்தார்கள். எனக்கு மட்டும் கல்யாண வீட்டில் பந்தி முடிந்த பிறகு போய் நின்றவன் மாதிரி இருந்தது.

நாசிக் அதுவரை வெங்காயத்துக்கும் சாப்பிடுகிற திராட்சைக்கும் பெயர் போன ஊர். 1990-களில் ராஜீவ் சாமந்த் என்பவர் அமெரிக்க வேலையை விட்டுவிட்டு வந்து குடும்ப நிலத்தில் ஒயின் திராட்சை நட்டார், அதுதான் சுலா ஒயின் கம்பெனி. 2001-ல் மகாராஷ்டிர அரசும் ஒயினுக்கென்று தனிக் கொள்கை கொண்டுவந்து ஊக்கம் கொடுத்தது. அதன்பின் சின்னதும் பெரியதுமாகப் பல தோட்டங்கள் வந்தன. நாங்கள் போனது சின்னதில் சின்னது. கங்காபூர் அணைப்பக்கம் ஆட்டோ ஒரு மண் ரோட்டில் திரும்பி, ஒரு நாய் வந்து எங்களை மோந்து பார்த்து, அப்புறம் ஒரு பெண் துண்டில் கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தார். அந்த வீட்டு மருமகள். நகக்கண் பத்தும் கருநீலம். ஜனவரிக் கடைசி, அறுவடை நேரம்.

கருநீல நகத்தைப் பார்த்ததும் என் மனைவிக்கு ஏதோ இறங்கிவிட்டது. வாசலிலேயே நிற்பேன் என்று சபதம் போட்டு வந்தவள், நாவல்பழம் கடையில் நிற்கிறவள் மாதிரி இருக்கிறாளே என்று என்னிடம் முணுமுணுத்துக்கொண்டே உள்ளே வந்தாள்.

அறை என்றால் பெரிய அறை இல்லை. ஒரு மர மேசை, ஆறு நாற்காலி, சுவரில் மழைக்கோட்டு, மூலையில் சாமி படம், ஜன்னலுக்கு வெளியே கொடி. வேறு யாரும் இல்லை, செவ்வாய்க்கிழமை காலை. (யாராவது போவதாக இருந்தால் இது ஒன்றை மட்டும் கேளுங்கள்: வார நாளில், காலையில் போங்கள். சனி, ஞாயிறு போனால் அது வேறு ஊர்.) அந்தப் பெண் முதலில் ஒயினே ஊற்றவில்லை. கொடியைத்தான் காட்டினார். குளிர்நாடுகளில் கொடி பனிக்காலத்தில் தூங்கிவிடுமாம். நம் நாட்டில் அதற்குத் தூக்கமே கிடையாது. அதனால் வருடத்துக்கு இரண்டு தடவை வெட்டுகிறார்கள்: கோடையில் ஒன்று, மழை ஓய்ந்து செப்டம்பர் வாக்கில் ஒன்று. இரண்டாவது வெட்டுதான் பழத்துக்கு. ஐரோப்பாவில் செப்டம்பரில் அறுக்கிறதை இங்கே ஜனவரியிலிருந்து மார்ச்சுக்குள் அறுக்கிறார்கள், அதுவும் வெயில் ஏறுவதற்கு முன்னால். அன்றைக்கு அவர் விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்தவர். இதை என் அரைகுறை இந்தியில் நான் மொழிபெயர்த்தபோது என் மனைவி, “மூணு மணிக்கா? வீட்ல சமையல் யாரு?” என்று கேட்கச் சொன்னாள். கேட்டேன். அந்தப் பெண் சிரித்துவிட்டு, மாமியார் என்றார். அதோடு இருவரும் ஒரு கட்சி ஆகிவிட்டார்கள்.

முதலில் வெள்ளை. செனின் பிளாங்க் என்ற திராட்சை வகையில் செய்தது. கொய்யாக்காய் வாசனை என்றார். எனக்கு வந்தது. அடுத்து சாவிஞோன் பிளாங்க். குடைமிளகாயை நறுக்கினால் வருகிற பச்சை வாசனை. வந்தது. பெருமையாக இருந்தது. இதெல்லாம் பெரிய மேதாவித்தனம் என்று நினைத்திருந்தேன், மார்க்கெட்டுக்குப் போய் வருகிற எவனுக்கும் முடிகிற காரியம்தான். சிவப்புக்கு வந்ததும் அவர் கொஞ்சம் தடுமாறினார். வருகிறவர்களுக்கு டானின் என்றால் என்ன என்று விளக்கத்தான் கஷ்டமாம். கசப்பு என்று நினைத்துக்கொள்கிறார்கள்; கசப்பு இல்லை, நாக்கை உலர்த்தி இழுக்கும், டீ ரொம்ப நேரம் கொதித்தால் வருமே அது, என்றெல்லாம் சுற்றிவளைத்தார். ஒரு வாய் குடித்தேன். துவர்ப்பு! பாக்கின் துவர்ப்பு, வாழைப்பூவின் துவர்ப்பு. அறுசுவையில் ஒன்றாக உட்கார வைத்து நாம் பெயர் வைத்துவிட்ட விஷயம். கேட்டதும் அவர், மராத்தியிலும் ‘துரட்’ என்று ஒரு சொல் இருக்கிறது, இங்கிலீஷில் சொல்லிச் சொல்லி அதை மறந்தே போனேன் என்றார்.

அப்புறம் ஷிராஸ் என்ற இன்னொரு சிவப்பு. இதில்தான் மானம் போனது. மிளகு வாசனை தெரிகிறதா என்றார். இல்லை. கிளாஸைச் சுழற்றினேன், மூக்கை உள்ளே விட்டேன். மிளகும் இல்லை, சீரகமும் இல்லை. அதுவரை பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருந்த என் மனைவி கிளாஸை வாங்கி ஒரு தடவை மோந்துவிட்டு, “ரசத்துக்கு இப்பதான் தட்டிப் போட்ட மாதிரி இருக்கு. இது தெரியலையா உங்களுக்கு?” என்றாள். அந்தப் பெண் கைதட்டினார். பிறகு எனக்கு ஆறுதலாக ஒன்று சொன்னார். வீட்டுக்கு வந்து படித்தும் பார்த்தேன். அந்த வாசனைக்குக் காரணம் ரோட்டண்டோன் என்ற ஒரு பொருள். மிளகிலும் அதேதான் இருக்கிறது, பல மடங்கு அதிகமாக. ஆஸ்திரேலிய ஆராய்ச்சியாளர்கள் 2008-ல் இதை உறுதி செய்தார்கள். ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு இந்த வாசனை தெரிவதே இல்லையாம். ஐம்பது வருடமாக நான் மிளகு என்று நினைத்துச் சாப்பிட்டது அதன் காரத்தை மட்டும்தான் போலிருக்கிறது. என் மனைவிக்கு இது ஒரு ஆயுதம் ஆகிவிட்டது. இன்றைக்கும் பொங்கலில் மிளகு குறைவு என்று நான் வாயைத் திறக்க முடியாது.

அவள் ஒரு சொட்டுகூடக் குடிக்கவில்லை. அதற்குப் பிறகு போன இடங்களிலும் குடிக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு கிளாஸையும் மோந்து பார்ப்பாள், என்னைவிடச் சரியாகச் சொல்வாள். ஊற்றுகிறவர்கள் இதைக் கண்டு முகம் சுளித்ததே இல்லை. உண்மையில் இந்தத் தொழிலில் இருப்பவர்களே முக்கால்வாசி துப்பிவிடுகிறார்கள். அதற்கென்று மேசையில் ஒரு குவளை இருக்கும். எனக்குத்தான் முதலில் கை வரவில்லை. சுவரெல்லாம் ‘இங்கே துப்பாதீர்கள்’ என்று எழுதி வைத்த ஊரிலிருந்து வந்துவிட்டு, ஒரு வீட்டுப் பெண் எதிரில் உட்கார்ந்து அவர் செய்த பண்டத்தைத் துப்புவதா? “துப்புங்கள், இன்னும் மூன்று இருக்கிறது” என்று அவரே சொன்ன பிறகுதான் துணிந்தேன். சட்டையில் கொஞ்சம் சிந்தியது.

மல்லிகைப்பூ பற்றியும் சொல்லிவிடுகிறேன். வைத்துக்கொண்டு போகாதீர்கள். எல்லா ஒயினும் மல்லிகை ஒயின் ஆகிவிடும். சென்ட்டும் அப்படித்தான்.

கடைசியில் அவர் எங்களைப் பின்பக்கம் கூட்டிப்போய், எவர்சில்வர் தொட்டியின் குழாயைத் திருகி, நுரைத்துக்கொண்டிருந்த பாதிப் புளிப்பை ஒரு கிளாஸில் பிடித்துக் கொடுத்தார். இன்னும் ஒயின் ஆகாத, சாறாகவும் இல்லாத ஒன்று. இனிப்பும் குறுகுறுப்பும் ஈஸ்ட் வாசமும். அதை மோந்ததும்தான் எனக்கு ஆன்ட்டியின் சமையலறை ஞாபகம் வந்தது. வேட்டித்துணியை அவிழ்த்ததும் முகத்தில் அடிக்கிற அதே ஆவி. இது எந்தக் கடையிலும், எந்தப் புட்டியிலும் கிடைக்காது. புட்டி வாங்கினோமா என்றால், இல்லை. மாநிலம் தாண்டிப் புட்டி கொண்டுவருவது கலால்காரர்கள் விஷயம், சுங்கத்தில் பிழைப்பவனுக்கு மாநிலக் கலால் என்றால் பயம் கொஞ்சம் ஜாஸ்தி.

அதிலிருந்து ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டது. எந்த ஊருக்குப் போனாலும் கோயிலையும் மார்க்கெட்டையும் பார்த்த கையோடு, பக்கத்தில் யாராவது சின்னதாக ஒயின் போடுகிறார்களா என்று விசாரிப்போம். ‘விசாரிப்போம்’ என்று பன்மையில் எழுதுவதை என் மனைவி ஆட்சேபிக்கலாம்.

2023-ல் அவள் அக்கா மகள் ஜார்ஜியா நாட்டில் டாக்டருக்குப் படித்து முடித்தாள். பட்டமளிப்புக்கு ஷார்ஜா வழியாகப் போனோம். தலைநகர் திபிலீசியிலிருந்து இரண்டு மணி நேர தூரத்தில் சிக்னாகி என்று ஒரு மலையூர்; கீழே அலசானிப் பள்ளத்தாக்கு முழுக்கத் திராட்சை, எதிரே காக்கசஸ் பனிமலை. அங்கே ஒரு கிழவர் வீட்டு நிலவறைக்கு அந்த அக்கா மகள் கூட்டிப்போனாள். உள்ளே நுழைந்தால் புட்டியும் இல்லை, பீப்பாயும் இல்லை. வெறும் மண் தரை, அதில் வட்ட வட்டமாக எட்டு மூடிகள். நம் ஊரில் முதுமக்கள் தாழி தோண்டிய குழிகளைப் படத்தில் பார்த்திருப்பீர்களே, அப்படி. க்வெவ்ரி என்கிறார்கள். ஆளுயரத் தாழி, கழுத்துவரை மண்ணில் புதைத்தது, உள்ளே தேன்மெழுகு பூசியது. வெள்ளைத் திராட்சையைப் பிழிந்து சாறு, தோல், விதை எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டுக் களிமண் வைத்து மூடிவிடுவார்கள். ஐந்தாறு மாதம் கழித்துத் திறந்தால் டிகாக்‌ஷன் நிறம். இந்த முறையை யுனெஸ்கோ 2013-ல் மரபுப் பட்டியலில் சேர்த்தது. அந்த நாட்டில் எட்டாயிரம் வருடத்துக்கு முந்தைய மண்பாண்டத் துண்டுகளிலேயே திராட்சை ஒயினின் தடயம் கிடைத்திருக்கிறது.

கிழவர் ஒரு மூடியைத் தள்ளி, நீளக் கம்பு செருகிய சுரைக்குடுக்கையை உள்ளே விட்டு மொண்டார். என் மனைவி என் கையைப் பிடித்துவிட்டாள். பனங்காட்டில் கள் மொள்ளும் அதே குடுக்கை! மொண்டு கிளாஸில் ஊற்றி, ரொட்டியும் வால்நட்டும் பாலாடைக்கட்டியும் தள்ளி வைத்து, ‘காவுமர்ஜோஸ்’ என்றார். வெற்றி உண்டாகட்டும் என்று அர்த்தமாம். வெற்றிவேல் என்று பதிலுக்குச் சொல்ல நாக்கு துடித்தது. ருசி? காய்ந்த ஆரஞ்சுத் தோல், தேயிலை, அப்புறம் பெரிய துவர்ப்பு. வெள்ளை ஒயின் என்று நம்பவே முடியாது. கிழவருக்கு இங்கிலீஷ் தெரியாது, எங்களுக்கு அவர் பாஷை தெரியாது, பெண்ணுக்கு இரண்டும் பாதி. ஆனாலும் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். அவருடைய தாத்தா புதைத்த தாழி எது, மகன் புதைத்தது எது என்று காட்டினார். தாழிக்குள் இறங்கிச் செர்ரி மரப்பட்டைத் தூரிகையால் தேய்த்துக் கழுவும்போது உள்ளேயிருந்து பாடுவாராம். பாட்டு நின்றால் மயங்கிவிட்டார் என்று வெளியே இருப்பவர்களுக்குத் தெரியும். இது நிஜமா, வருகிறவர்களுக்குச் சொல்கிற கதையா என்று எனக்குத் தெரியவில்லை. கையைக் குவித்துப் பாடியும் காட்டினார்.

திரும்பும்போது முக்கால் லிட்டர் புட்டி இரண்டு வாங்கினேன். அது ஒன்றரை லிட்டர். பயணிக்கு அனுமதி இரண்டு லிட்டர். மிச்சம் அரை லிட்டரையும் விடுவானேன் என்று, அவர் தாழியிலிருந்து நேராக ஒரு அரை லிட்டர் புட்டியில் பிடித்துத் தக்கை அடித்துக் கொடுத்ததையும் சேர்த்து மூன்றையும் லுங்கியில் சுற்றி வைத்தேன். சென்னை ஏர்போர்ட்டில் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கணக்கு ரெடியாக இருந்தது.

அந்த அரை லிட்டர் புட்டியைத்தான் அந்தக் கிறிஸ்துமஸுக்கு ஆன்ட்டி வீட்டுக்கு எடுத்துப்போனேன். ஆன்ட்டிக்கு எண்பது தாண்டிவிட்டது. பிள்ளைகள் பெர்த்தில். ஜாடி பரண் மேலே போய்ப் பல வருடம் ஆகிறது. கை நடுங்குகிறது, கிளற முடியாது. என் மனைவி அலமாரியிலிருந்து கிளாஸ் எடுக்கப் போனாள். ஆன்ட்டி வேண்டாம் என்று உள்ளங்கையை நீட்டினார். இரண்டு சொட்டு விட்டேன். நக்கினார். கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் வாயை மென்றார்.

“சக்கரையே போடல போலருக்கே. யார் போட்டது?”

நான் வாயைத் திறப்பதற்குள் என் மனைவி ஆரம்பித்துவிட்டாள். மலையூர், கிழவர், எட்டுத் தாழி, தாத்தாவின் தாழி, சுரைக்குடுக்கை, உள்ளே இறங்கிப் பாடுவது வரைக்கும் ஒன்று விடாமல். ஒரு சொட்டுக் குடிக்காதவள் சொல்லச் சொல்ல ஆன்ட்டி தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார்.

“கோதுமை போட்டானா?”

“இல்ல ஆன்ட்டி. வெறும் திராட்சைதான். வேற ஒண்ணுமே போடலன்னு சொன்னாரு.”

“சும்மா சொல்லுவான். எவன் முழுசா சொல்லுவான்?” என்றபடி ஆன்ட்டி கையை மறுபடி என் பக்கம் நீட்டினார்.